எச்.ஓ. லேஅவுட்: தொலைமுனையில் எஞ்சின் தளர்கிறது, குறுக்குப் பாதையில் ஷார்ட் ஆகிறது

கேள்வி

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டில் நான் அமைத்துவரும் எச்.ஓ. (1:87 அளவு) மாதிரி ரயில் லேஅவுட்டில் நான்கு கோளாறுகள் நீடிக்கின்றன. அவை ஒரே காரணத்தால் வருகின்றனவா, தனித்தனியானவையா என்று பிரித்தறிய இயலாததால் இங்கே எழுதுகிறேன்.

பலகை 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம். மரச்சட்டத்தின் மேல் 9 மி.மீ. பிளைவுட். அதன் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நீள்வட்டப் பாதைகள் உள்ளன. உள்வட்டத்தின் வளைவு ஆரம் 438 மி.மீ., வெளிவட்டத்தின் ஆரம் 505 மி.மீ. டி.சி.சி. முறையில் (தண்டவாளம் வழியாக ஒவ்வோர் எஞ்சினுக்கும் டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை), பாதைக்கு மின்சாரம் தரும் 3 ஆம்பியர் பூஸ்டர் மூலம் இயக்குகிறேன். பூஸ்டரிலிருந்து வரும் இரண்டு வயர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் ஓர் இடத்தில் மட்டுமே தண்டவாளத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. மற்ற இடங்களுக்கெல்லாம், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர்கள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது.

முதலாவதாக, இணைப்பு உள்ள இடத்தின் அருகே நன்றாக ஓடும் எஞ்சின்கள் எதிர்முனைக்குப் போனதும் தளர்கின்றன, விளக்கும் மங்குகிறது. ஒலி டிகோடர் (கட்டளைகளை ஏற்று எஞ்சினை இயக்கும் சிறு மின்னணுக் கருவி) உள்ள எஞ்சின் சில வேளைகளில் அங்கேயே நின்று, மறுபடி தொடக்க ஒலியை எழுப்புகிறது. இரண்டாவதாக, மூன்று அச்சுகள் மட்டுமே உள்ள ஷண்டிங் எஞ்சின், மெதுவாகப் போகும்போது, பாதை பிரியும் இடங்களான பாயிண்டுகளின் மேல் நின்றுவிடுகிறது. மூன்றாவதாக, உள்வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு ரயிலைத் திருப்பிவிடுவதற்காக, ஏறத்தாழ 1.5 மீட்டர் நீளத்தில் ஒரு குறுக்குப் பாதையைச் சேர்த்தேன். அதன் இரு முனைகளையும் இணைத்த அந்த நொடியே, பாதையில் எஞ்சின் எதுவும் இல்லாதபோதே, பூஸ்டர் துண்டித்துக்கொள்கிறது. கடைசியாக, 30 செ.மீ. நீளமுள்ள பயணிகள் பெட்டிகளில் ஒன்று வெளிவட்ட வளைவில் ஒரே இடத்தில் தடம் புரள்கிறது. கடிகாரச் சுற்றில் போனால்தான் இப்படி நேர்கிறது. எதிர்த்திசையில் அது நேர்வதே இல்லை.

எதிலிருந்து தொடங்குவது, எந்த வரிசையில் சோதிப்பது என்று விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் பதில்

நான்கும் தனித்தனிக் கோளாறுகள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் முதலில் தொலைமுனைத் தளர்ச்சியைச் சரிசெய்யுங்கள். மின்சாரம் எங்கும் ஒரே சீராகக் கிடைக்காத பாதையில் மற்றவற்றைச் சோதித்தால், எது உண்மையான அறிகுறி, எது மின்குறைவால் வருவது என்று பிரித்தறிய முடியாது.

தண்டவாளம் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகத்தால் ஆனது. அது துருப்பிடிக்காது, சால்டரும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதன் மின்தடை அதே கனமுள்ள செம்புக் கம்பியின் தடையைவிடப் பல மடங்கு அதிகம். அதைவிட மோசமானவை ஜாயினர்கள். ஒரு தண்டவாளத் துண்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் மின்சாரம், மெல்லிய தகடு அழுத்திக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு புள்ளிகள் வழியாகத்தான் கடக்கிறது. கழற்றிக் கழற்றி மாட்டியதில் தகடு விரிந்தாலோ, இடையில் ஆக்சைடு படிந்தாலோ, பாதைக்குப் பூசிய வண்ணமோ பசையோ உள்ளே கசிந்தாலோ, அந்தத் தொடுகை கெட்டுவிடுகிறது. ஜாயினரைத் தண்டவாளத் துண்டுகளை நேர்க்கோட்டில் நிறுத்தும் பொருளாக மட்டுமே கருதுங்கள். மின்சாரத்துக்கு அதை நம்பவேண்டாம்.

அனுமானத்தில் வேலையைத் தொடங்காமல் முதலில் அளந்துபாருங்கள். சுமை இல்லாமல் அளந்தால் மல்டிமீட்டர் எல்லா இடத்திலும் முழு மின்னழுத்தத்தையே காட்டும். அதனால்தான் பலர் வயரிங்கில் குறையில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 10 ஓம் மதிப்பும் 50 வாட் திறனும் உள்ள ஒரு ரெசிஸ்டரை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்தால் ஏறத்தாழ 1.5 ஆம்பியர் ஓடும். அந்த நிலையில் இணைப்பின் அருகிலும் தொலைமுனையிலும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டர் கை சுடும் அளவுக்குச் சூடாகும் என்பதால் சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும், தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்லீப்பரில் படவும் விடக்கூடாது. (காரின் பின்விளக்கு பல்பை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு, ஆனால் குளிர்ந்த இழையின் தடை மிகக் குறைவாக இருப்பதால், எரியத் தொடங்கும் கணத்திலேயே அது பூஸ்டரைத் துண்டிக்கச் செய்யக்கூடும்.) டி.சி.சி. அலைவடிவத்தைச் சாதாரண மல்டிமீட்டர் துல்லியமாகக் காட்டாது என்பது உண்மைதான். இங்கே நமக்கு வேண்டியது இரண்டு இடங்களுக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே, அதற்கு ஏ.சி. அளவீடே போதும்.

அடுத்து, தொலைமுனையில் ஓர் உலோக நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே ஒரு கணம் வையுங்கள். பூஸ்டர் உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்காவிட்டால் அது வசதிக் குறைவு மட்டுமன்று, ஆபத்து. பாதையின் தடை 5 ஓமைத் தாண்டிவிட்டால், 15 வோல்ட் தரும் பூஸ்டரால் அந்த இடத்தில் 3 ஆம்பியரைச் செலுத்தவே முடியாது. ஆகவே அதற்கு ஷார்ட் என்பதே தெரிய வராது. தடம் புரண்ட ஒரு போகி (பெட்டியின் அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டம்) குறுக்கே கிடந்தால், ஏறத்தாழ 40 வாட் வெப்பம் தளர்ந்த ஜாயினர்களிலும் அந்தச் சக்கரத்திலும் இறங்கிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களும் போகியின் பக்கச் சட்டங்களும் உருகிப்போவது இப்படித்தான்.

தீர்வு எளிது, வேலைதான் அதிகம். பலகையின் அடியில், பாதையைப் பின்தொடர்ந்தபடி 2.5 ச.மி.மீ. செம்பு வயர்கள் இரண்டை, சிவப்பும் கறுப்புமாக, பஸ் வயர்களாக (மின்சாரத்தைச் சுமக்கும் முதன்மை வயர்களாக) ஓட்டுங்கள். அதிலிருந்து, 30 செ.மீ.க்கு மேல் நீளாத 0.5 ச.மி.மீ. ஃபீடர்களை ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் கொண்டுவாருங்கள். ஃபீடரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில், தலைக்குக் கீழே உள்ள இடுப்புப் பகுதியில் சால்டர் செய்ய வேண்டும். உள்பக்கத்தில் செய்தால் சக்கர விளிம்பு இடிக்கும். அந்த இடத்தைக் கண்ணாடி இழைப் பென்சிலால் பளிச்சென்று சுரண்டி, வயர் முனைக்கும் தண்டவாளத்துக்கும் தனித்தனியே மெல்லிய சால்டர் பூச்சு கொடுத்துவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு மூன்று நொடிகள் மட்டும் சூடு காட்டுங்கள். திறன் குறைந்த சால்டரிங் அயர்னை நெடுநேரம் அழுத்திப் பிடிப்பதைவிட, தட்டை முனையுள்ள 40 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட அயர்னால் சட்டென்று முடிப்பதே ஸ்லீப்பர்களைக் காப்பாற்றும். இருபுறமும் ஈரமான காகிதத்தை மடித்து வைத்தால் இன்னும் நல்லது. ரோசின் உள்ள சால்டரே போதும். அமிலப் பசையைத் தொடவேண்டாம், அது பின்னாளில் இணைப்பை அரித்துவிடும். ஒவ்வொரு ஃபீடரை இணைத்தபின்னும் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை மீட்டரின் பீப் ஒலியால் உறுதிசெய்துகொண்ட பிறகே அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சோதித்தால், தவறாக மாறிய ஒரே ஒரு ஃபீடரைத் தேடுவதற்கு அத்தனையையும் கழற்ற நேரிடும்.

ஃபீடர் வைக்க இடமில்லாத சிறு துண்டுகளை, பக்கத்துத் துண்டோடு ஜாயினரில் சால்டர் செய்துவிடலாம்.

இரண்டாம் பதில்

மேலே சொல்லியிருப்பதில் கடைசி வரியோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். ஜாயினரில் சால்டர் செய்வது எளிதாக இருப்பதால், பலர் வட்டம் முழுவதையும் அப்படியே பற்றவைத்துவிடுகிறார்கள். 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் 5 மீட்டர் தண்டவாளம் 1.5 மி.மீ.க்கும் மேல் நீளும்; அதைவிட, காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மரச்சட்டம் விரிந்து சுருங்குவதே பாதையைப் பெரிதும் வருத்துகிறது. நகர இடமில்லாத தண்டவாளம் பக்கவாட்டில் வளைந்து ஸ்லீப்பரிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆகவே வளைவுகளில் மட்டும் சால்டர் செய்து, நேர்ப்பாதைகளில் அரை மி.மீ. இடைவெளியோடு ஜாயினர்களை நழுவும்படி விட்டுவிடுங்கள். இருபுறமும் ஃபீடர் இருந்தால் மின்சாரத்துக்கு எந்தக் குறையும் வராது.

இனி பாயிண்டில் நிற்கும் ஷண்டிங் எஞ்சினைப் பற்றிச் சொல்கிறேன். பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் வி வடிவப் பகுதியான ஃபிராக், பாதையின் திசைக்கேற்ப ஒரு முறை சிவப்பாகவும் மறுமுறை கறுப்பாகவும் இருக்கவேண்டியது. இந்தச் சிக்கலைத் தவிர்க்கச் சில பாயிண்டுகளில் அதைப் பிளாஸ்டிக்கால் செய்துவிடுகிறார்கள், சிலவற்றில் உலோகமாகவே விட்டு மின்தொடர்பில்லாமல் வைக்கிறார்கள். எட்டுச் சக்கரங்களில் மின்சாரம் எடுக்கும் நீண்ட எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டன்று. மூன்று அச்சு எஞ்சினிலோ ஒரு சக்கரம் ஃபிராக்கின் மேல் இருக்கும்போது, அதே பக்கத்தின் மற்ற இரண்டில் ஒன்று தூசியின் மேலோ சற்றுத் தூக்கியோ நின்றால், மிச்சம் ஒரே ஒரு தொடுகைதான். வேகமாகப் போகும்போது உந்தம் அதைக் கடத்திவிடுகிறது. மெதுவாகப் போகும்போது நின்றுவிடுகிறது.

எனவே எஞ்சினிலிருந்தே தொடங்குங்கள். அதைத் தலைகீழாக ஒரு மெத்தென்ற துணியில் கிடத்தி, ஒரு சக்கரத்தில் சிவப்பு வயரையும் எதிர்ப்பக்கச் சக்கரத்தில் கறுப்பு வயரையும் தொட்டு, ஆறு சக்கரங்களையும் இணை இணையாகச் சோதியுங்கள். பெரும்பாலும் நடு அச்சின் பின்புறம் உரசவேண்டிய மெல்லிய வெண்கலப் பட்டை விலகியிருக்கும், அல்லது எண்ணெயும் நாரும் சேர்ந்த கறுப்புப் பசை அதற்கும் சக்கரத்துக்கும் இடையில் புகுந்திருக்கும். அதைத் துடைத்து, பட்டையைச் சாமணத்தால் சற்றே வளைத்துச் சக்கரத்தில் மெதுவாகத் தொடும்படி செய்தாலே பல எஞ்சின்கள் தேறிவிடும். அப்போதும் நின்றால், உங்கள் ஃபிராக் உலோகமாக இருக்குமானால் அதற்கு ஒரு வயர் இணைத்து, பாயிண்ட் மோட்டாரில் உள்ள சுவிட்ச் வழியாகச் சிவப்புக்கும் கறுப்புக்கும் மாறும்படி செய்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஃபிராக் என்றால், டிகோடரோடு, மின்சாரத்தைச் சற்றே சேமித்துத் தரும் ஒரு கெபாசிட்டர் தொகுதியைச் சேர்ப்பதே வழி.

பிளாஸ்டிக் ஃபிராக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. வி முனைக்கு அப்பால் இரண்டு தண்டவாளங்களும் மிக நெருக்கமாகத் தொடங்குவதால், அகலமான சக்கரம் இரண்டையும் ஒருசேரத் தொட்டு ஒரு கணம் ஷார்ட் ஆகும். அந்த முனைகளின் மேல் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவினால் நின்றுவிடும். தேய்ந்தபோது மறுபடி தடவவேண்டும்.

தண்டவாளத்தைச் சுத்தம் செய்ய உப்புத்தாளை எடுக்காதீர்கள். அது விடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு தங்குகிறது.

மூன்றாம் பதில்

குறுக்குப் பாதையில் நேர்வது வயரிங் கோளாறே அன்று. அந்தப் பாதையின் வடிவமே ஷார்ட்டை உண்டாக்குகிறது. ஒரு தாளில் உள்வட்டத்தை வரைந்து, வெளித் தண்டவாளத்தைச் சிவப்பு மையாலும் உள்தண்டவாளத்தைக் கறுப்பு மையாலும் தீட்டுங்கள். பிறகு குறுக்குப் பாதை பிரியும் பாயிண்டில் தொடங்கி, அதே நிறங்களைத் தொடர்ந்து தீட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேருங்கள். சேரும் இடத்தில் சிவப்பு கறுப்போடு முட்டும். ரயிலின் திசையைத் திருப்பிவிடும் எந்த இரட்டைத் தண்டவாளப் பாதையிலும் இது தவிர்க்க இயலாதது. எவ்வளவு கவனமாக வயர் இணைத்தாலும் மாறாது. நடுவே மூன்றாவது தொடுகை வரிசை உள்ள மெர்க்லின் முறையில் மட்டும் இரு தண்டவாளங்களும் ஒரே இணைப்பில் இருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

குறுக்குப் பாதையின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் துண்டித்து, பிளாஸ்டிக் ஜாயினர் பொருத்தி, அந்தப் பகுதிக்கு ஆட்டோ ரிவர்சர் என்னும் கருவி வழியாக மின்சாரம் கொடுக்க வேண்டும். எஞ்சினின் சக்கரம் இடைவெளியைக் கடக்கையில் நிறங்கள் பொருந்தாவிட்டால், கருவி அந்த ஷார்ட்டை உணர்ந்து, பூஸ்டர் துண்டிப்பதற்கு முன்பே பகுதியின் நிறங்களை மாற்றிவிடும். டி.சி.சி.யில் எஞ்சின் எந்தத் திசையில் போகவேண்டும் என்பதை டிகோடருக்கு வரும் கட்டளைதான் தீர்மானிக்கிறது, எந்தத் தண்டவாளம் சிவப்பு, எது கறுப்பு என்பது அல்ல. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு இந்த மாற்றம் தெரியவே தெரியாது. தண்டவாள மின்சாரமே திசையைத் தீர்மானிக்கும் பழைய டி.சி. முறையில், வழக்கமாக ரயிலை அந்தப் பகுதிக்குள் நிறுத்திவிட்டுத்தான் சுவிட்சை மாற்றுவார்கள்.

கவனிக்கவேண்டியது நீளம். உள்ளே வரும் இடைவெளியையும் வெளியே போகும் இடைவெளியையும் உலோகச் சக்கரங்கள் ஒரே நேரத்தில் கடந்துகொண்டிருந்தால், ஒரு முனையைச் சரிசெய்ய நிறங்களை மாற்றும்போது மறுமுனை கெடும். உங்கள் குறுக்குப் பாதை 1.5 மீட்டர் என்கிறீர்கள், 30 செ.மீ. பெட்டிகள் ஐந்தை இழுத்தாலே ரயில் அதைத் தாண்டிவிடும்.

நான்காம் பதில்

தடம் புரளும் பெட்டிக்கு மின்சாரத்தோடு தொடர்பில்லை. ஒரே பெட்டி, ஒரே இடம், ஒரே திசை என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதே பாதி விடை. பெட்டியில் ஏதோ ஒன்று எல்லையில் இருக்கிறது, அந்த இடத்தில் பாதையிலும் ஏதோ ஒன்று எல்லையில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது தடம் புரள்கிறது. இரண்டையும் சரிசெய்யுங்கள், ஒன்றைச் சரிசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

பெட்டியைத் தனியாக எடுத்து, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்திக்கொண்டு, விரலால் மிக மெதுவாகத் தள்ளுங்கள். வேகமாக ஓடும் ரயிலில், சக்கரம் ஏறிய இடத்துக்கும் அது கவிழ்ந்த இடத்துக்கும் ஒரு சாண் தூரம்கூட இருக்கும். நாம் வழக்கமாகப் பார்ப்பது கவிழ்ந்த இடத்தை. விளிம்பு ஏறத் தொடங்கும் புள்ளியில் பென்சிலால் குறியிட்டுவிட்டு, விரல்நுனியைத் தண்டவாளத்தின் உள்விளிம்போடு உரசி இரு திசைகளிலும் நகர்த்துங்கள். ஒரு திசையில் வழுக்கிச் சென்று, மறுதிசையில் நகத்தில் தட்டினால், அங்கே அடுத்த துண்டு சற்று உள்ளே நீட்டியோ உயர்ந்தோ நிற்கிறது என்று பொருள். ஒரே திசையில் மட்டும் புரள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஜாயினருக்குள் நுழையாமல், தண்டவாளத்தின் அடிப்பாகம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பெட்டியில் முதலில் பார்க்கவேண்டியது சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையிலான தூரம். எச்.ஓ.வில் அது ஏறத்தாழ 14.4 மி.மீ. இருக்கவேண்டும். அச்சில் சக்கரம் சற்று உள்ளே நகர்ந்திருந்தால், டிஜிட்டல் காலிப்பரில் அது உடனே தெரியும். முறுக்கிக்கொண்டே மெதுவாக இழுத்துச் சரிசெய்யலாம். அடுத்தது எடை. அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் பரிந்துரையின்படி எச்.ஓ. பெட்டிக்கு 1 அவுன்சும், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்சும் வேண்டும், 30 செ.மீ. பெட்டிக்கு அது 200 கிராமை ஒட்டி வரும். கடைகளில் வரும் நீண்ட பெட்டிகள் பல இதைவிட இலகுவானவை. எடையைக் கூரையில் வைக்காமல் தரையோடு ஒட்டுங்கள். போகிகள் தாராளமாகத் திரும்புகின்றனவா, பெட்டிகளை இணைக்கும் கப்ளர் வளைவில் எதிலாவது இடிக்கிறதா என்பதையும் 505 மி.மீ. வளைவின் மேலேயே வைத்துப் பாருங்கள்; நேர்ப்பாதையில் எல்லாப் பெட்டிகளும் ஒழுங்காகத்தான் தோன்றும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

10 ஓம் ரெசிஸ்டரை வைத்து அளந்தபோது வெளிவட்டத்தில் இணைப்பின் அருகே 14.6 வோல்ட், எதிர்முனையில் 9.4 வோல்ட் இருந்தது. அங்கே நாணயத்தை வைத்தும் பூஸ்டர் துண்டிக்கவில்லை. பஸ் வயரும் ஃபீடர்களும் இட்டபின் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது, எந்த மூலையில் நாணயத்தை வைத்தாலும் உடனே துண்டிக்கிறது. ஷண்டிங் எஞ்சினில் நடு அச்சின் ஒரு பக்கப் பட்டை சக்கரத்தைத் தொடவே இல்லை. அதைச் சரிசெய்ததும் பாயிண்டுகளை மிக மெதுவாகவும் கடக்கிறது. பெட்டி புரண்ட இடத்தில் உள்தண்டவாளம் ஜாயினரின் மேல் ஏறியிருந்தது, பெட்டியின் எடையும் குறைவாகவே இருந்தது, இரண்டையும் சரிசெய்துவிட்டேன்.

குறுக்குப் பாதையில் ஆட்டோ ரிவர்சர் பொருத்தியிருக்கிறேன். எஞ்சின் தனியாகப் போனால் இரு முனைகளையும் கடக்கிறது. எஞ்சினோடு ஐந்து பெட்டிகள் போகும்போது, எஞ்சின் வெளியேறும் முனையில் பூஸ்டர் துண்டிக்கிறது. பெட்டிகளைக் குறைக்காமல் இதைத் தீர்க்க வழியுண்டா?

மூன்றாம் பதிலை எழுதியவர்

எஞ்சின் தனியாகக் கடக்கிறது என்பதால் கருவி ஷார்ட்டை உணரும் மின்னளவு சரியாகவே அமைந்திருக்கிறது. உலோகச் சக்கரமுள்ள கடைசிப் பெட்டி இன்னும் நுழைமுனையின் இடைவெளியில் இருப்பதுதான் காரணம். பகுதியை நீட்டுவதே வழி. குறுக்குப் பாதை போய்ச் சேரும் இரண்டாவது பாயிண்டையும், அதற்கு அப்பால் உள்வட்ட வளைவில் அரை மீட்டரையும் அதே பகுதிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த முனையில் உள்ள இடைவெளியை மூடிவிட்டு, பாயிண்டின் நேராகப் போகும் கிளையிலும் வளைவுக்குள்ளும் இரு தண்டவாளங்களிலும் இடைவெளி வெட்டவேண்டும். உள்வட்டத்தைச் சுற்றிவரும் ரயிலும் இந்தப் பகுதியைக் கடக்கத்தான் செய்யும். நுழையும்போது நிறங்கள் மாறியிருந்தால் கருவி ஒரு முறை திருப்பிவிடும், வெளியேறும்போது அவை தாமாகவே பொருந்தும். அந்தப் பகுதியின் எல்லைகளை இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் கடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த மாற்றத்தில் பலரும் தடுமாறுவது ஃபீடர்களில்தான். புதிதாகச் சேரும் பாயிண்டுக்கும் அந்த அரை மீட்டர் வளைவுக்கும் நீங்கள் ஏற்கெனவே பஸ் வயரிலிருந்து ஃபீடர்கள் கொடுத்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றையும் பஸ்ஸிலிருந்து கழற்றி ரிவர்சரின் வெளியீட்டுக்கு மாற்றவேண்டும். ஃபிராக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் இருந்தால் அதன் இரு வயர்களும் அங்கிருந்தே வரவேண்டும். ரிவர்சரைக் கழற்றிவிட்டு, பகுதியின் இரு தண்டவாளங்களுக்கும் பஸ்ஸின் இரு வயர்களுக்கும் இடையே மீட்டரால் நான்கு விதமாகவும் தொடர்பு பாருங்கள். எதிலும் பீப் ஒலி வரக்கூடாது. எஞ்சின்களையும் விளக்குள்ள பெட்டிகளையும் பாதையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்யவேண்டும், இல்லையேல் அவற்றின் வழியாக வரும் தொடர்பு குழப்பிவிடும்.